கைக்குழந்தையின் மோஷன் டெஸ்ட்: மாதிரி எடுப்பது முதல் ரிப்போர்ட்டைப் படிப்பது வரை

என் மகளுக்கு அப்போது 52 நாள். ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து தடவை ஆய் போனாள். பச்சையாக, நுரையோடு, சத்தமாக வரும். மூன்றாம் நாள் பயந்துபோய் ஒரு கிளினிக்கில் காட்டினோம். மோஷன் டெஸ்ட், அதாவது மலப் பரிசோதனை, எழுதிக் கொடுத்தார்கள். சாயங்காலம் ரிப்போர்ட் போனுக்கு வந்தது. ரியாக்‌ஷன் அசிடிக், ரிடியூசிங் சப்ஸ்டன்ஸ் இரண்டு பிளஸ், பஸ் செல் 8 முதல் 10, ஃபேட் குளோபியூல் ஒரு பிளஸ். எல்லாமே தடித்த எழுத்தில். "தாய்ப்பால் ஒத்துக்கலை. ரெண்டு வாரம் நிறுத்திட்டு லாக்டோஸ் இல்லாத பவுடர் பால் கொடுங்க" என்றார்கள். கூடவே ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப்.

நான்கு நாள் அப்படியே செய்தேன். மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு எனக்குக் காய்ச்சல் வந்தது. குழந்தை பாட்டிலைத் துப்பித் துப்பி அழுதாள். ஐந்தாம் நாள் வேறொரு குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டை ஒரு முறை பார்த்து மடித்து மேசையில் வைத்துவிட்டு, "தடுப்பூசி புக் கொண்டு வந்தீங்களாம்மா?" என்று கேட்டார். பிறந்தபோது 2.9 கிலோ, 45ஆம் நாள் ஊசிக்குப் போனபோது 4 கிலோ, அன்றைக்கு அவர் தராசில் 4.3. "எடை நல்லா ஏறியிருக்கு. காய்ச்சல் இல்ல, ரத்தம் இல்ல, முகம் பார்த்துச் சிரிக்கிறா. இவளுக்கு வியாதி எதுவும் இல்ல. இங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்துட்டுப் போங்க" என்றார்.

அந்த நான்கு நாளை இன்னொரு அம்மா படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். சரியான மாதிரியோடு லேபுக்கும், சரியான கேள்வியோடு டாக்டரிடமும் போக இது உதவும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, பெரும்பாலும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. சோதனை தேவையா என்று முதலில் பாருங்கள்

பிறந்த முதல் இரண்டு மூன்று நாள் கருப்பாக, பிசின் மாதிரி காட்டுப்பீ வரும். அப்புறம் பச்சை கலந்து, பிறகு மஞ்சளாகும். தாய்ப்பால் குழந்தைக்கு மலம் தண்ணீராக, நடுநடுவே கடுகு மாதிரி மணிகளோடு இருப்பதே இயல்பு. முதல் ஒன்றரை மாதம் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் போகலாம். அதன் பிறகு அதே குழந்தை நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூடப் போகாமல் இருந்து, ஒரேயடியாக மெத்தென்று போகும். இரண்டுமே நோய் அல்ல. பச்சை நிறம் மட்டும் இருந்தால் அதுவும் நோய் அல்ல.

வீட்டில் நீங்களே பார்க்கக்கூடியவை மூன்று. ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா? பசியோடு குடிக்கிறதா? எடை ஏறுகிறதா? முதல் மூன்று மாதத்தில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்ல கணக்கு. எடையை எப்போதும் ஒரே தராசில், துணி இல்லாமல் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ காசில்லாமல் பார்த்துச் சொல்வார்கள். இந்த மூன்றும் சரியாக இருந்து, குழந்தையும் சுறுசுறுப்பாக இருந்தால், டெஸ்ட் எழுதும் டாக்டரிடம் "இது இப்போதே அவசியமா, இரண்டு நாள் பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இதற்கு நேர்மாறாக, லேப் பக்கமே போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிலைகளும் உண்டு:

- மலத்தில் கண்ணுக்குத் தெரியும் ரத்தம், அல்லது சிவப்பு ஜெல்லி மாதிரி வருவது. அதோடு விட்டு விட்டு வீறிட்டு அழுதால், வாந்தி எடுத்தால், குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் குடல் செருகலாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.
- மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்.
- உச்சிக்குழி உள்வாங்குவது, கண் குழிவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது.
- பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, பச்சை நிறத்தில் வாந்தி, வயிறு உப்பி இறுகுவது.

தமிழ்நாட்டில் 108ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். 104 மருத்துவ ஆலோசனைக்கான எண். நடு ராத்திரியில் போகலாமா வேண்டாமா என்று தவிக்கும்போது 104ஐ அழைக்கலாம்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். மலம் வெள்ளையாகவோ, சுண்ணாம்பு மாதிரியோ, வெளிறிய களிமண் நிறத்திலோ இருந்தால் அது வயிற்றுப்போக்கைவிட அவசரம். பிறந்து 14 நாள் கடந்தும் மஞ்சள்காமாலை இருந்து, மலமும் வெளுத்திருந்தால், பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்குச் செய்யும் 'கசாய்' என்ற அறுவை சிகிச்சை பிறந்த 60 நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். "வெயில் காட்டினா மஞ்சள் போயிடும்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு நாளைக் கடத்திவிடாதீர்கள். இதற்கு மோஷன் டெஸ்ட் போதாது. ரத்தத்தில் மொத்த பிலிரூபினோடு (மஞ்சள்காமாலையை உண்டாக்கும் நிறமி) டைரக்ட் பிலிரூபினும் பார்க்கச் சொல்லுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் வெளிறிய மலமும் மஞ்சளாகத்தான் தெரியும்.

2. கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

- தாய் சேய் நல அட்டை அல்லது தடுப்பூசி புத்தகம். பிறந்த எடை, ஒவ்வொரு ஊசியன்றும் பார்த்த எடை, போட்ட தேதி எல்லாம் அதில் இருக்கும்.
- பிரசவ மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. குறைமாதமா, மஞ்சள்காமாலைக்கு விளக்கு வெளிச்சத்தில் வைத்தார்களா, ஆன்டிபயாட்டிக் போட்டார்களா என்பதெல்லாம் டாக்டருக்கு உடனே தெரியும்.
- டெஸ்ட் எழுதிய சீட்டு.
- கடந்த இரண்டு நாள் கணக்கு: எத்தனை முறை ஆய், எத்தனை முறை சிறுநீர், எத்தனை முறை பால். போனிலேயே குறித்தால் போதும். பகல் வெளிச்சத்தில் எடுத்த இரண்டு மூன்று படங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.
- குழந்தைக்கு வாய் வழியாகப் போகும் எல்லாவற்றின் பட்டியல்: வைட்டமின் டி சொட்டு, இரும்புச் சத்து, கிரைப் வாட்டர், உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் உட்பட.

இந்தக் கடைசி வரியில் எதையும் மறைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அத்தை பாசத்தோடு வசம்பும் ஜாதிக்காயும் உரைத்துத் தொட்டு வைத்திருந்தார். டாக்டர் கேட்டபோது, திட்டுவாரோ என்று நான் வாய் திறக்கவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவர் வேறு கோணத்தில் யோசித்திருப்பார். சில சிரப்புகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டால்கூட மலத்தை இளக்கும்.

பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்து போட்ட தேதியையும் மறக்காமல் சொல்லுங்கள். அரசு அட்டவணைப்படி 6, 10, 14ஆம் வாரங்களில் போடுவார்கள். போட்ட சில நாள் லேசாக வயிறு இளகுவது உண்டு. என் மகளுக்கு 45ஆம் நாள் அந்தச் சொட்டு போட்டிருந்தது. முதல் கிளினிக்கில் யாரும் அதைக் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்து, லேபில் பெயர் பதியும் இடம். பெயர் வைக்காத குழந்தை என்றால் 'பேபி ஆஃப்' என்று போட்டு அம்மா பெயரை எழுதுவார்கள். வயது கேட்கும்போது பலர் அம்மாவின் வயதையே சொல்லிவிடுகிறார்கள். என் முதல் ரிப்போர்ட்டில் வயது 27 என்று அச்சாகியிருந்தது! அதாவது பக்கத்தில் போட்டிருந்த 'நார்மல்' அளவு எல்லாம் எனக்கானது. 52 நாள் குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. "குழந்தையின் வயது 52 நாள், தாய்ப்பால் மட்டும்" என்று சொல்லி, பில்லில் அது அப்படியே ஏறியிருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் பாருங்கள்.

3. மாதிரி எடுப்பது: பாதித் தப்பு இங்கேதான் நடக்கிறது

லேபில் திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா தருவார்கள். மூடியில் சிறிய கரண்டி ஒட்டியிருக்கும். மருந்துக் கடையில் வாங்கினாலும் 20 ரூபாய்க்குள் கிடைக்கும். கல்ச்சர் (மாதிரியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எழுதியிருந்தால் ஸ்டெரைல் டப்பாதான் வேண்டும். உட்புறத்தில் விரல் படக்கூடாது, கழுவவும் கூடாது.

டயப்பரில் இருந்து வழித்தெடுக்காதீர்கள். டயப்பருக்குள் இருக்கும் ஜெல் தண்ணீர்ப் பகுதியை முழுக்க உறிஞ்சிவிடும். மேலே தங்குவது மணிகளும் சளியும் மட்டும். சர்க்கரை பார்க்கும் ரிடியூசிங் சப்ஸ்டன்ஸ் சோதனைக்கு அந்தத் தண்ணீர்ப் பகுதிதான் வேண்டும். துணியும் உறிஞ்சும், ஆகவே அதுவும் உதவாது.

எங்கள் வீட்டில் இரண்டாவது முறை என் அம்மா எடுத்துக் கொடுத்த விதம் இது. குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்தேன். பால் குடித்த கொஞ்ச நேரத்தில் குடல் அசைந்து ஆய் வரும் என்பதால் அந்த நேரத்தைப் பிடித்தோம். வெந்நீரில் நனைத்த பஞ்சால் மட்டும் துடைத்தோம். எண்ணெய், பவுடர், வாசனை வைப்ஸ் எதுவும் இல்லை. அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, புதிதாகப் பிரித்த பிளாஸ்டிக் ஷீட்டைப் பாதங்களுக்கு நடுவே விரித்து, குழந்தையைக் காலில் சாய்த்து வைத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. சிறுநீர் கலக்காத ஓரமாகப் பார்த்துக் கரண்டியால் ஒரு டீஸ்பூன் அளவு எடுத்தோம். தண்ணீர், சளி, மணி மூன்றும் அதில் இருந்தன. காலில் வைக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லை என்றால், டயப்பரைத் திருப்பி, பிளாஸ்டிக் பக்கம் உடம்பில் படும்படி கட்டிவிட்டுக் காத்திருங்கள்.

சிறுநீர் கலந்தால் அந்த மாதிரியை விட்டுவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருப்பது நல்லது. பி.எச் அளவும் (புளிப்பா காரமா என்று காட்டும் எண்) மாறும், சில கிருமிகளும் அழிந்துவிடும்.

அடுத்தது நேரம். எடுத்ததில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் இருக்கவேண்டும். டப்பாவுக்குள்ளும் பாக்டீரியா சும்மா இருக்காது. மலத்தில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக மாற்றிக்கொண்டே இருக்கும். காலை ஆறு மணிக்கு எடுத்து பத்து மணிக்குக் கொடுத்தால் சர்க்கரை குறைவாகவும், புளிப்பு அதிகமாகவும் காட்டும். 'வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறோம்' என்ற வசதியில் இதுதான் சிக்கல். வாங்கியவர் இன்னும் நாலு வீடு ஏறி இறங்கிவிட்டுத்தான் லேபுக்குப் போவார். மோஷன் டெஸ்டுக்கு மட்டும் நேரில் போய்க் கொடுப்பதே நல்லது. டப்பாவின் மேல் எடுத்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள். கொடுக்கும்போது, "இது உடனே இங்கேயே பார்க்கப்படுமா, வேறு கிளைக்கு அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள்.

கல்ச்சர் எடுப்பதாக இருந்தால் ஆன்டிபயாட்டிக் முதல் டோஸ் கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிடவேண்டும்.

4. எந்த டெஸ்ட், எவ்வளவு பணம், எவ்வளவு நேரம்

எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன். ஊருக்கு ஊர், லேபுக்கு லேப் மாறும். மோஷன் ரொட்டீன் 120 ரூபாய், ரிடியூசிங் சப்ஸ்டன்ஸ் 150, இரண்டும் அன்றைக்கே வந்துவிட்டன. கல்ச்சர் 650 ரூபாய். கிருமி வளர நேரம் வேண்டுமே, அதனால் மூன்றாம் நாள்தான் வந்தது. குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின், பல கிருமிகளை ஒன்றாகத் தேடும் பி.சி.ஆர் பேனல் போன்றவை ஆயிரக்கணக்கில் ஆகும். இவற்றை யாராவது எழுதினால், முடிவு எப்படி வந்தாலும் வைத்தியம் மாறுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மோஷன் டெஸ்ட் இலவசம். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை மாதிரி குழந்தைகளுக்கென்றே இருக்கும் இடமானால், சின்னக் குழந்தையின் மாதிரியைத் தினமும் பார்த்துப் பழகியவர்கள் இருப்பார்கள். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடவேண்டும். மாதிரியை வீட்டிலிருந்து எடுத்துப் போகாமல், டாக்டர் எழுதிய பிறகு அங்கேயே பால் கொடுத்து எடுப்பது சுலபம். டப்பாவும் பிளாஸ்டிக் ஷீட்டும் பையில் இருக்கட்டும்.

5. ரிப்போர்ட்டை வரி வரியாக

*நிறம், தன்மை, சளி.* இதை உங்கள் கண்ணே லேபைவிட நன்றாகப் பார்த்திருக்கும். சளி என்று மட்டும் இருந்தால் பதற வேண்டாம். சளிப் பிடித்த குழந்தை விழுங்கும் சளியும் எச்சிலும்கூட அப்படி வெளியே வரும்.

*ரியாக்‌ஷன் அல்லது பி.எச்.* பெரியவர்களுக்கு 7ஐ ஒட்டி இருக்கும். தாய்ப்பால் குழந்தையின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா லாக்டோஸைப் புளிக்க வைப்பதால் அமிலத்தன்மை இயல்பாகவே இருக்கும். ஐந்து, ஐந்தரை, ஆறு எல்லாம் இந்த வயதில் சகஜம். 'அசிடிக்' என்று தடித்த எழுத்தில் இருப்பது பெரியவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டதால்.

*ரிடியூசிங் சப்ஸ்டன்ஸ்.* என்னை அழ வைத்த வரி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மலத்தின் தண்ணீரைப் பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துச் சூடாக்குவார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று போகப் போகச் சர்க்கரை அதிகம். பெரிய குழந்தைகளுக்கு 0.5 சதவீதத்துக்கு மேல் போனால் செரிமானத்தில் சிக்கல் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, பசும்பாலைவிட அதிகம். சின்னக் குழந்தையின் குடல் அதில் கொஞ்சத்தைச் செரிக்காமல் கீழே விட்டுவிடும். ஆகவே நன்றாக வளரும் தாய்ப்பால் குழந்தைக்கும் இந்த டெஸ்ட் பாசிட்டிவ் ஆகலாம். ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்பதை வைத்து மட்டும் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுக்கு வர முடியாது.

பிறவியிலேயே லாக்டோஸ் செரிக்காத நிலை மிக மிக அரிது. அப்படி இருந்தால் பிறந்த சில நாளிலேயே கடும் வயிற்றுப்போக்கும் எடை இழப்பும் வந்துவிடும். பேதி கண்ட பிறகு குடல் உட்புறம் புண்பட்டு, தற்காலிகமாக லாக்டோஸ் செரிக்காமல் போவதுதான் நாம் பார்க்கக்கூடியது. அப்போது மலம் தண்ணீராகப் பீய்ச்சி அடிக்கும், ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து வெந்துபோகும், எடை ஏறாது. இந்த அறிகுறிகளோடு ரிப்போர்ட்டும் சேர்ந்து பேசினால்தான் அதற்கு அர்த்தம். அப்போதும்கூடப் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைத் தொடரச் சொல்வார்கள்.

என் விஷயத்தில், பால் அதிகமாகச் சுரந்ததும், ஒரு பக்கம் முடியும் முன் மறுபக்கம் மாற்றிக்கொண்டே இருந்ததும் காரணமாக இருக்கலாம் என்றார் அந்த டாக்டர். முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு, அது வேகமாக இறங்கும். நுரைத்த பச்சை மலம் அதனால் வரலாம். ஒரு பக்கத்தை முழுதாகக் குடிக்க விட்டேன். ஒரு வாரத்தில் நிறம் மாறியது.

*பஸ் செல்.* இவை வெள்ளை அணுக்கள். பக்கத்தில் எச்.பி.எஃப் என்று இருக்கும். 400 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு வட்டத்தில் எத்தனை தெரிகின்றன என்ற கணக்கு அது. பார்ப்பவர் சளி உள்ள இடத்தைத் தேர்ந்தால் கூடும், வேறு இடத்தில் குறையும். ஐந்துக்குக் கீழ் என்றால் பொதுவாகக் கவலை இல்லை. 8 முதல் 10 என்றால் குடலில் ஏதோ உரசல் இருக்கலாம். அதற்கு வைரஸும் காரணமாகலாம், பால் அலர்ஜியும் காரணமாகலாம். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் உதவாது. கண்ணுக்குத் தெரியும் ரத்தம், காய்ச்சல், துவண்ட குழந்தை, இவற்றோடு பஸ் செல் நிறைய இருந்தால் விஷயம் வேறு. 'ப்ளென்டி' என்று எழுதியிருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

*ஆர்.பி.சி, ஆக்கல்ட் பிளட்.* ரத்தம் பற்றிய வரிகள்: ஆர்.பி.சி என்பது சிவப்பணு, ஆக்கல்ட் பிளட் என்பது கண்ணுக்குத் தெரியாத ரத்தம். முதலில் உங்கள் மார்புக் காம்பைப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் குழந்தை விழுங்கியது உங்கள் ரத்தமாகவே இருக்கலாம். யாருடைய ரத்தம் என்று பிரித்துச் சொல்ல ஆப்ட் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஆசனவாயில் கீறல் இருந்தாலும் மேலாகக் கோடு மாதிரி ரத்தம் வரும். இரண்டும் இல்லாமல், நன்றாக இருக்கும் குழந்தைக்குச் சளியோடு ரத்தக் கோடுகள் திரும்பத் திரும்ப வந்தால், பசும்பால் புரத அலர்ஜியை டாக்டர் யோசிப்பார். அதற்கும் தாய்ப்பாலை நிறுத்துவதில்லை. அம்மா இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், மோர், பன்னீர், பால் கலந்த காபி எல்லாவற்றையும் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அப்புறம் மறுபடி சாப்பிட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். லாக்டோஸ் வேறு, பால் புரதம் வேறு. லாக்டோஸ் சர்க்கரை, இது புரதம். லாக்டோஸ் இல்லாத பவுடர் என்பதாலேயே அது இந்த அலர்ஜிக்குச் சரிப்படும் என்று நினைத்துவிடக்கூடாது, பல டின்களில் பசும்பால் புரதம் இருக்கும்.

*ஃபேட் குளோபியூல்.* சின்னக் குழந்தைக்குக் கொழுப்பு முழுதாகச் செரிக்காது. ஒரு பிளஸ் ஒன்றும் இல்லை. மலம் எண்ணெய்ப் பசையாக, கடும் நாற்றத்தோடு, அளவில் நிறைய வந்து, எடையும் ஏறாமல் இருந்தால் மட்டும் மேற்கொண்டு பார்ப்பார்கள்.

*ஈஸ்ட் செல்.* ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகு இந்தப் பூஞ்சை தெரிவது சகஜம். நாக்கில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

*ஓவா, சிஸ்ட், அமீபா.* குடல் ஒட்டுண்ணிகள் பற்றிய வரி. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு அமீபா வருவது அபூர்வம். மலத்தில் வரும் பெரிய வெள்ளை அணுக்களை அமீபா என்று தவறாகப் படிப்பது நடக்கக்கூடியது. இந்த வரியில் ஏதாவது எழுதியிருந்தால், மருந்து தொடங்கும் முன் வேறொரு லேபில் புதிய மாதிரியைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

*கல்ச்சர்.* 'ஈ.கோலை வளர்ந்துள்ளது' என்று வந்தால் நோய் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லார் குடலிலும் ஈ.கோலை குடியிருக்கிறது. சால்மொனெல்லா, ஷிகெல்லா, காலரா கிருமி, இவற்றில் ஏதாவது பெயர் இருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும்.

மீதி மூன்று, சுருக்கமாக. கால்ப்ரொடெக்டின் பெரியவர்களுக்கு 50க்குள் இருக்கவேண்டும் என்று அச்சடித்திருப்பார்கள். நலமான கைக்குழந்தைக்கு அது சில நூறுகளில் இருக்கலாம். சி.டிஃபிசில் என்ற கிருமி ஒரு வயதுக்குள் பல குழந்தைகளின் குடலில் தொந்தரவு இல்லாமலே இருக்கும் என்பதால் அந்த டெஸ்ட் பொதுவாகத் தேவையில்லை. ரோட்டா வைரஸ் பாசிட்டிவ் வந்தால், சொட்டு மருந்து போட்டு எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். சொட்டில் கொடுத்த வைரஸே மலத்தில் வெளியேறும்.

6. ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போகும்போது

ரிப்போர்ட் ராத்திரி போனுக்கு வரும். குழந்தை நன்றாகத் தூங்கினால் நீங்களும் தூங்குங்கள். தடித்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தால் விடிவதற்குள் பத்து வியாதி கண்ணில் படும். காலையில் போய்க் கேட்க இந்தக் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்:

"இந்த அளவு இவள் வயதுக்குப் பொருந்துமா?" "எடை சரியாக இருக்கும்போது இதற்கு மருந்து வேண்டுமா?" "ஆன்டிபயாட்டிக் என்றால் எந்தக் கிருமிக்கு?" "மருந்து கொடுக்காமல் இரண்டு நாள் பார்த்தால் ஆபத்து உண்டா? எதைப் பார்த்தால் உடனே வரவேண்டும்?"

நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். நிஜமாகவே பேதிதான் என்றால், அவர் முதலில் பேசுவது ஓ.ஆர்.எஸ் பற்றியும் ஜிங்க் பற்றியுமாக இருக்கும். இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஜிங்க் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றாலும் 14 நாளும் முடிக்கவேண்டும். இரண்டு மாதம் ஆகாத குழந்தை என்றால் டாக்டர் சொல்லாமல் எதுவும் வேண்டாம். ஓ.ஆர்.எஸ் பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைக்கவேண்டும். ஒரு டம்ளரில் பாதி பாக்கெட்டைக் கொட்டினால் உப்பு ஏறிக் குழந்தைக்கு ஆபத்து. கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ், ஜிங்க் இரண்டும் இலவசம்.

7. தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னால்

உடனே தலையாட்டாமல் இன்னொரு குழந்தை மருத்துவரிடம் அன்றைக்கே காட்டுங்கள். கன்சல்டிங் 300, 400 ரூபாய் ஆகும். லாக்டோஸ் இல்லாத ஒரு டின் 500 ரூபாய்க்கு மேல், அது நாலைந்து நாளில் காலியாகும். பாட்டில், வெந்நீர், கழுவுவது என்று கிருமி நுழைய புது வழியும் திறக்கும்.

ஏதோ காரணத்தால் ஓரிரு நாள் நிறுத்தவேண்டியே வந்தால், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியிலும் பாலைக் கையாலோ பம்பாலோ எடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டதால்தான் எனக்குக் கட்டிக்கொண்டது, சுரப்பும் குறைந்தது. மறுபடி பழையபடி வர ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் குழந்தையைத் துணியில்லாமல் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, அழும் முன்பே வாயில் வைத்தேன். ஐந்தாம் நாள் ராத்திரி விழுங்கும் சத்தம் கேட்டது.

8. மறுபடி டெஸ்ட் எப்போது

குழந்தை தேறிவிட்டால் ரிப்போர்ட்டை நார்மலாகப் பார்ப்பதற்காக மட்டும் மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டாம். பேதி 14 நாளுக்கு மேல் நீடித்தாலோ, எடை நின்றாலோ, ரத்தம் தெரிந்தாலோ டாக்டரே எழுதுவார். பழைய ரிப்போர்ட்டை, எடுத்த நேரமும் கொடுத்த நேரமும் ஓரத்தில் எழுதி, தடுப்பூசி புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துவிடுங்கள். எடை எழுதும் பக்கமும் அதே உறையில் இருப்பதால், அடுத்த முறை பார்க்கும் டாக்டர் இரண்டையும் சேர்த்தே பார்ப்பார்.